துணியும் துணிவும்

(தசலட்சணப் பெருவிழாவில், உத்தம சௌசத்தைச் சிந்திக்கும் நாளன்று ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி வட்டாரத்தில் பிறந்து, ஆசிரியப் பணியின் பொருட்டுக் காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூருக்கு வந்து, பணி நிறைவுற்ற பின்னும் அவ்வூரிலேயே தங்கிவிட்டவள் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவள் என்னும் உரிமையில் உங்கள் முன் நிற்கிறேன். ஆன்ம தத்துவங்களை விரித்துரைக்க இவ்விழாவில் பண்டிதர் பலர் உள்ளனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. ஒவ்வொரு வீட்டு பீரோவுக்குள்ளும் இருப்பது. மனம் சோர்ந்தபோது ஜவுளிக்கடைக்குச் சென்று புத்தாடை எடுத்து, அதனால் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

சௌசம் என்றால் தூய்மை. தூய்மை என்றவுடன் நமக்கு வெளுத்து மடித்த ஆடை நினைவுக்கு வரும். ஆனால் நம் ஆசாரியர்கள் உலோபம் நீங்கிய மனநிலையையே உத்தம சௌசம் என்றனர். ஆகவே இந்நாளில் ஆடையைப் பற்றிப் பேசுவது பொருந்தாத பேச்சன்று.

சொல் காட்டும் வழி

தமிழாசிரியை ஆதலின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆடையைக் குறிக்க நம் மொழியில் கலிங்கம், துகில், கூறை, அறுவை எனச் சொற்கள் பல உண்டு. அறுக்கப்படுவது அறுவை. அவ்வாறே துணிக்கப்படுவது, அதாவது வெட்டி எடுக்கப்படுவது, துணி. இதே வேரிலிருந்துதான் துணிதல் என்னும் சொல்லும் வருகிறது. இதுவோ அதுவோ என்று அலையும் மனம், ஒன்றை வெட்டித் தனியே எடுத்து, 'இதுவே' என்று உறுதி கொள்வது துணிதல், அவ்வுறுதியே துணிவு. ஆக, துணியும் துணிவும் உடன்பிறந்த சொற்கள்.

மற்றொன்றையும் நோக்குங்கள். அரிசியை வாங்குகிறோம், பருப்பை வாங்குகிறோம். ஆனால் துணியை மட்டும் 'எடுக்கிறோம்'. 'தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா?' என்றே கேட்கிறோம். நூறு சேலைகளுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்து எடுப்பதே அங்கு நிகழும் செயல் என்பதை நம் பேச்சுத் தமிழ் முன்னமே உணர்ந்திருக்கிறது. இச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இவற்றுக்கே திரும்புவோம்.

நாள்தோறும் திருநாள்

நம் இளமைக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, மிகுந்தால் மூன்று முறை, புத்தாடை வரும். தீபாவளி, பொங்கல், வீட்டில் நிகழும் திருமணம் என்று அதற்கு வேளைகள் இருந்தன. வெள்ளாடையில் மஞ்சள் தொட்டு வைத்துப் பெரியோரை வணங்கி உடுத்தினோம். அந்த மகிழ்ச்சி பெரும்பாலும் அரிதாக வந்ததால் விளைந்த மகிழ்ச்சி.

இன்று அவ்வேளைகளின் எல்லை கலைந்துவிட்டது. ஆடி மாதத்தில் திருமணம் நடத்துவதில்லை. ஆதலின் ஜவுளிக்கடைகளில் அம்மாதம் வணிகம் மந்தமாக இருக்கும். அம்மந்தத்தை நீக்க எழுந்ததே ஆடித் தள்ளுபடி. இன்றோ அதுவே ஆண்டின் பெரிய விற்பனைக் காலங்களுள் ஒன்று. எங்கள் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஆடி முதல் நாளில் தேங்காய் சுடுவார்கள். பதினெட்டாம் நாளில் காவிரியில் நீராடிப் புதுவெள்ளத்தை வணங்குவார்கள். இவ்விரண்டு நாள்களுக்கும் நடுவே இப்போது மூன்றாவதாக ஒரு வழிபாடு நடைபெறுகிறது. அது ஜவுளிக்கடை வாயிலில்.

நம் சமயத் திருநாள்களும் இதற்குத் தப்பவில்லை. நெடுநாள் உண்ணா நோன்பிருந்த ஆதிநாதருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கரும்புச் சாறு அளித்த நாள் அட்சய திருதியை. கொடுத்ததால் புகழ்பெற்ற அந்நாள், இன்று நகைக்கடையில் வாங்கும் நாளாகிவிட்டது. தீபாவளியோ மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். முப்பதாம் வயதில், உடுத்திருந்த ஆடையையும் துறந்து சென்ற பெருமானின் நாளை நாம் புத்தாடையால் கொண்டாடுகிறோம். குழந்தைகளுக்குப் புத்தாடை உடுத்தி மகிழ்வதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் இம்முரணை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இப்போது கடைக்குச் செல்லவும் தேவையில்லை. நள்ளிரவில் உறக்கம் வராதவர் கைப்பேசியைத் தடவினால் போதும். மூன்றாம் நாள் பொட்டலம் வாயிலுக்கு வந்துவிடும். உறக்கமின்மைக்குக் காரணமாயிருந்த கவலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓர் அம்மையார் சொன்னது

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். நம் சமயத்தவர் அல்லர். ஆனால் நம் அனைவர்க்கும் பொருந்தும் ஒன்றை அவரிடம் கற்றேன். வேலூர் வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர். அவர் குடும்பத்துக்கும் கொடிக்கால் இருந்தது. கணவர் இருந்த காலத்தில் விடியுமுன் கொடிக்காலுக்குச் சென்று, வெற்றிலையை எண்ணிக் கவுளி கட்டுவதில் அவர் கைக்கு ஓய்வே இராது. கணவர் மறைந்தார், கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டார், மகள் திருமணமாகிப் பெங்களூரு சென்றாள். அதன் பின்னர், வாரத்துக்கு ஒருமுறை கரூருக்கோ ஈரோட்டுக்கோ பேருந்தேறிச் சேலை எடுத்து வருவது அவர் வழக்கமாயிற்று.

ஒருநாள் தம் பீரோவைத் திறந்து காட்டினார். விலைச்சீட்டுக்கூட நீக்கப்படாத சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. கைத்தறிச் சேலை எது, விசைத்தறிச் சேலை எது என்று தொட்டவுடன் சொல்லக்கூடியவர். விலையில் எவரும் அவரை ஏமாற்ற இயலாது. 'இவ்வளவும் எப்போது உடுத்துவீர்கள்?' என்று கேட்டேன். அவர் சொன்ன விடையை அவர் பேச்சிலேயே தருகிறேன்: 'உடுத்தறதுக்கு இல்லீங்க டீச்சர். கடைக்குள்ள நொழஞ்சா நாலு பேரு வாங்கம்மா, உக்காருங்கம்மான்னு சொல்றாங்க. நான் சொன்ன சேலையை எடுத்து விரிக்கறாங்க. வூட்டுல என்னைய வாங்கன்னு கூப்படறதுக்கு யாருங்க இருக்கறா? ரெண்டு நாளைக்கு மனசு லேசா இருக்குது. அப்பறம் பழையபடி ஆயிருது.'

அவையோரே, அவர் கூற்றில் இரண்டு உண்மைகள் உள்ளன. கடையில் தாம் ஒரு பொருட்டாக மதிக்கப்படுகிறார் என்பது ஒன்று. தாம் சொல்வது அங்கு நடக்கிறது என்பது மற்றொன்று. கணவரின் மறைவும் மகளின் பிரிவும் அவரைக் கேட்டு நடக்கவில்லை. எந்தச் சேலை என்பதையாவது அவரே துணிகிறார்.

ஆய்வாளர் கண்டவை

இவ்வம்மையார் அனுபவத்தால் கண்டதை அயல்நாட்டு உளவியலாளர் சோதனை செய்து கண்டனர். மனநோவுக்குக் கடைவீதியை மருந்தாக்கும் இவ்வழக்கத்துக்கு 'ரீடெய்ல் தெரபி' என்று ஆங்கிலத்தில் பெயர். 1986 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் இத்தொடர் இடம்பெற்றது. அதை எழுதியவர் எள்ளலாகவே பயன்படுத்தினார். பின்னர் வணிகர் அதனை விளம்பரமாக்கிக் கொண்டனர்.

2008ஆம் ஆண்டு சிந்தியா கிரைடர், ஜெனிபர் லெர்னர் முதலியோர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். சிலருக்குத் துயரம் மிக்க திரைப்படக் காட்சியையும், வேறு சிலருக்கு உணர்ச்சி எழுப்பாத காட்சியையும் காட்டினர். பின்பு ஒரு தண்ணீர்ப் புட்டிக்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்டனர். துயரக் காட்சி கண்டவர்கள் மற்றவர்களைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை தர முன்வந்தனர். காட்சி தம் முடிவைப் பாதித்ததாக அவர்கள் ஒப்பவுமில்லை. இன்னொன்றையும் ஆய்வாளர் கண்டனர்: தம்மைப் பற்றிய எண்ணத்தில் ஆழ்ந்திருந்தவர்களிடமே இவ்விளைவு தோன்றியது. துயரமும் தன்னினைவும் கூடும்போது பணப்பை தானே திறக்கிறது.

மற்றொன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ரிக்கும் அவருடன் சேர்ந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. பொருள்களை வெறுமே பார்த்துச் செல்வோரைவிட, எதை வாங்குவது என்று தாமே தேர்ந்தெடுப்போரின் துயரம் தணிகிறது என்று அவர்கள் காட்டினர். காரணம் என்ன? துயருற்றவர் தம் வாழ்வு தம் கையில் இல்லை என்று உணர்கிறார். தேர்ந்தெடுக்கும் செயல் அந்த ஆளுமையுணர்வைச் சிறிதளவு மீட்டுத் தருகிறது. சினத்துக்கு இம்மருந்து பயன்படவில்லை என்பதும் அவர்கள் கண்டது.

இப்போது நாம் தொடங்கிய சொற்களுக்கு வாருங்கள். ஆறுதல் தருவது துணி அன்று, துணிதல். வீட்டுக்குக் கொண்டுவந்த சேலை பீரோவுக்குள் சென்றபின் துணிதல் முடிந்துவிடுகிறது. ஆதலால் ஆறுதலும் முடிந்துவிடுகிறது. அம்மையார் கூறிய இரண்டு நாள் கணக்கு பொய்யன்று.

புத்தாடை ஒன்று போதாது

ஆறுதல் முடிவதோடு நில்லாமல், எடுத்த ஆடை வேறு பலவற்றைக் கேட்கத் தொடங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோ பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அவருக்குச் சிவந்த நிறத்தில் அழகிய புதிய அங்கி கிடைத்தது. அதை அணிந்தபின் தம் பழைய நாற்காலியும் மேசையும் சுவர்த்திரையும் பொலிவற்றுத் தோன்றவே, ஒவ்வொன்றாக மாற்றினார். பழைய அங்கிக்குத் தாம் தலைவராயிருந்ததாகவும், புதிய அங்கிக்கு அடிமையாகிவிட்டதாகவும் வருந்தி எழுதினார். நம் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. சேலைக்கு ஏற்ற இரவிக்கை, இரவிக்கைக்கு ஏற்ற வளையல், அதற்கேற்ற காலணி, பின்னர் இவையனைத்தையும் வைக்க இன்னொரு பீரோ.

நம் ஆசாரியர்கள் இதனை இன்னும் நுட்பமாகக் கண்டனர். கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கடாயங்களை நாம் அறிவோம். அவற்றுக்குத் துணையாய் நிற்கும் நோகடாயங்கள் ஒன்பது. அவற்றுள் சோகமும் ஒன்று. இரதி என்னும் விருப்பும் ஒன்று. துயருற்றவர் கடையில் ஒரு சேலையை விரும்பும்போது சோகம் சற்றே ஒதுங்க, அவ்விடத்தில் இரதி வந்து அமர்கிறது. ஒரு நோகடாயம் எழுந்து மற்றொன்றுக்கு இருக்கை தருகிறது; வினைக்கட்டு தளரவில்லை. கால்வலிக்குத் தைலத்தைக் கையில் தடவியது போன்றது அது.

நம் நெறி ஆடையை வெறுத்ததா?

அப்படியானால் ஆடை பாவமா? இல்லை. இல்லறத்தார்க்கு வாழ்வியல் தொழில்களை வகுத்துக் கொடுத்தவரே ஆதிநாதர் என்று நம் புராணம் கூறுகிறது. அவற்றுள் வாணிகமும் கைத்தொழிலும் அடங்கும். சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர், புலமையும் பெற்றவர். அழகர்மலைத் தமிழி கல்வெட்டில் அறுவை வணிகன் ஒருவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. துறவியர் தங்கும் குகைக்குத் துணி வணிகனும் கொடையளித்தான் என்பது நமக்குப் பெருமை. ஆகவே நெய்வாரையும் விற்பாரையும் நம் நெறி இகழ்ந்ததில்லை.

நம் நெறி கேட்டது ஒன்றுதான்: அளவு எங்கே? உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்றே வரையறுத்தார். பொருளின்பால் மனம் மயங்கிக் கிடத்தலே பரிக்கிரகம். மூர்ச்சை என்னும் சொல்லை நாம் உணர்விழந்து வீழ்வதற்கும் வழங்குகிறோம். தள்ளுபடிக் கூட்டத்தைப் பார்த்தவர்க்கு இரு பொருளும் ஒன்றே என்று தோன்றும். பொருள் வரைதல் விரதத்தில் அளவு கடக்கக்கூடாதவற்றைச் சொல்லுமிடத்துக் குப்பியம் என்று ஒன்று வரும். அதற்கு உரை கண்ட பூஜ்யபாதர் பருத்தி, பட்டு முதலியவற்றை எடுத்துக்காட்டாகத் தந்தார். நிலம், பொன் ஆகியவற்றோடு துணியையும் எண்ணி அளவிடச் சொன்னது நம் நெறி.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நம் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் எழுந்த தமிழ் நூல் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருமுறை நுகர்ந்து விடுவது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது உபபோகம். ஆடை உபபோகம். இவற்றுக்கு எல்லை கட்டும் முறை இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் மேற்கொள்வது யமம், குறித்த காலத்துக்கு மட்டும் மேற்கொள்வது நியமம். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, பதினைந்து நாள், ஒரு மாதம், ஒரு பருவம், ஆறு மாதம் எனக் காலத்தைப் படிப்படியாக வைத்து, உணவு, ஊர்தி, படுக்கை, அணிகலன் ஆகியவற்றோடு ஆடையையும் அப்பட்டியலில் சேர்த்தார் ஆசாரியர். 'இனி வாழ்நாளில் புத்தாடை வேண்டா' என்று அவர் நம்மை அச்சுறுத்தவில்லை. 'இம்மாதத்துக்கு இத்தனை' என்று நாமே துணியச் சொன்னார்.

இங்கேதான் என் உரையின் மையம் உள்ளது. துயருற்ற மனம் தேடுவது ஆளுமையை. தானே ஒன்றைத் துணியும் உரிமையை. கடையில் நூறு சேலையுள் ஒன்றைத் துணிகிறோம். அத்துணிவின் ஆயுள் இரண்டு நாள். 'வரும் ஆறு மாதத்துக்கு எனக்கு இருப்பதே போதும்' என்பதும் ஒரு துணிவுதான். அதன் ஆயுள் ஆறு மாதம். ஒவ்வொரு கடையைக் கடக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது. கடன்சீட்டும் பின்னால் வருவதில்லை. விரதம் என்பதை நாம் ஒன்றை இழப்பதாகவே எண்ணிப் பழகிவிட்டோம். என் வாழ்வு என் கையில் உள்ளது என்று அறிவிக்கும் செயலே விரதம்.

ஆடை குறையக் குறைய

நம் நெறியின் படிகளைப் பாருங்கள். இல்லறத்தார் அளவோடு ஆடை வைத்திருப்பர். பதினோராம் படிமையை அடைந்த சுல்லகர் கோவணமும் சிறு மேலாடையும் மட்டும் கொள்வார். ஐலகர் கோவணத்தோடு நிற்பார். ஆர்யிகை அன்னையர் ஒரே வெள்ளாடை உடுத்துவர். முனிவர்க்குத் திசையே ஆடை. ஆன்மா ஏற ஏற ஆடை குறைகிறது. ஆடையின் குறைவைக் கொண்டு உயர்வை அளந்த நெறி இது. அவ்வாறு ஆடையற்று நிற்கும் அருகனின் திருமுன்னர், யாருடைய பட்டு உயர்ந்தது என்று ஓரக்கண்ணால் நோக்கியபடி நாம் நிற்கலாமா? இக்கேள்வியை எவரையும் நோகடிக்கக் கேட்கவில்லை. நம்மில் யாரும் இதற்கு விலக்கல்லர் என்பதால் கேட்கிறேன்.

நம் மகிழ்ச்சிக்கு யார் விலை தருகிறார்?

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர் நாம். தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர். ஆதலின் ஆடைக்குப் பின்னால் உள்ள இம்சையைப் பேசாமல் இருத்தல் இயலாது. கூட்டுப்புழுவை உயிரோடு வெந்நீரில் இட்டே பெரும்பாலான பட்டு நூற்கப்படுகிறது என்பதை நம் வீடுகள் அறியும். சாய நீரை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை.

எங்கள் ஊரில் ஓடும் காவிரி, அதற்கு முன்பே குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய தறியூர்களைக் கடந்து வருகிறது. அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்னும் முறையீடு நெடுநாளாக உள்ளது. திருப்பூர் வழியே வரும் நொய்யலும் எங்களுக்கு மேற்கேதான் காவிரியோடு சேர்கிறது. உழவுக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாடறிந்தவை. உடுத்தாமலே பீரோவில் கிடக்கும் சேலைக்கும் ஓர் ஆற்று நீர் நிறம் மாறியிருக்கிறது. நீரையே உயிருடைய காயமாகக் கருதும் நமக்கு இது சிறு செய்தியன்று.

இன்னொருவரும் விலை தருகிறார். நம் முன்னே நாற்பது சேலைகளை விரித்துக் காட்டி, நாம் எழுந்து சென்றபின் அவற்றை மடித்து அடுக்கும் பெண். என்னிடம் படித்த மாணவியர் சிலர் அப்பணிக்குச் சென்றனர். காலை முதல் இரவு வரை நின்றே இருப்பதால் கால் வீங்குகிறது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு மனச்சுமை இறங்க, அவர்கள் கால் சுமந்திருக்கிறது.

தறியில் வாழும் குடும்பங்களின் நிலை என்னாகும் என்று நீங்கள் வினவலாம். நாமக்கல், சேலம், ஈரோடு மாவட்டங்களில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தறியை நம்பியுள்ளன என்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். துணியே எடுக்கவேண்டா என்பது என் கருத்தன்று. தள்ளுபடியில் ஐந்து எடுக்குமிடத்தில், நெய்தவர்க்கு உரிய கூலி சேரும் கைத்தறிப் பருத்தி ஒன்றை எடுத்து, அது நைந்து போகும்வரை உடுத்துங்கள். அளவும் காக்கப்படும், தறியும் ஓடும்.

மகிழ்ச்சியைக் கல்லில் வெட்டியவர்கள்

வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் வேலாயுதம்பாளையம். அங்கே புகழூர் ஆறுநாட்டார் மலையில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. சேர மரபின் மூன்று தலைமுறையினரை அக்கல்வெட்டு குறிக்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்கு இவ்வுறையுள் வெட்டித் தரப்பெற்றது. கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் ஒருவன் அளித்த கொடையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

அரண்மனையில் பெருமகிழ்ச்சி நிகழ்ந்த நாள் அது. அன்று அவர்களும் புத்தாடை உடுத்தியிருப்பர். அவ்வாடை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிறர் ஒருவர் படுத்து ஓய்வு கொள்ள வெட்டிய கல், அம்மகிழ்ச்சியை இன்றும் நமக்குச் சொல்கிறது. தன்னையே எண்ணியிருப்பவரிடத்தில்தான் துயரம் பணத்தைச் செலவிடத் தூண்டுகிறது என்று ஆய்வாளர் சொன்னதை நினையுங்கள். பிறர்க்கென ஒன்றைத் துணிகிறபோது மனம் தன்னை விட்டு வெளியே வருகிறது.

நாம் மேற்கொள்ளக் கூடியவை

நடைமுறைக்கு நான்கு செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இவ்விழா நாள்களிலேயே நியமம் ஒன்றை மேற்கொள்ளுங்கள். வீட்டார் அனைவரும் அமர்ந்து பீரோவைத் திறந்து எண்ணுங்கள். எண்ணியதைத் தாளில் எழுதுங்கள். தீபாவளி வரை, அல்லது பொங்கல் வரை, ஒவ்வொருவர்க்கும் இத்தனை என்று அவரவரே துணியட்டும். தாய் மகளுக்கும், கணவன் மனைவிக்கும் எல்லை விதித்தல் கூடாது. பிறர் விதித்தது தண்டனையாகும், தாம் துணிந்ததே விரதமாகும்.

இரண்டாவது, துயரம் மிக்க நாளில் துணி எடுக்காதீர்கள். விருப்பம் எழுந்தால் மூன்று நாள் பொறுங்கள். மூன்றாம் நாளும் அச்சேலை தேவை என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் நிறமே மறந்துபோயிருக்கும்.

மூன்றாவது, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே செல்லட்டும். கிழிந்ததைக் கொடுப்பது தானமாகாது, உடுத்தக்கூடியதைக் கொடுங்கள். 1983 முதல் தமிழ்நாட்டு அரசு பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கி வருகிறது. அந்த ஒரு சேலையே ஆண்டின் புத்தாடையாக அமையும் பெண்கள் இன்றும் நம் அண்டையில் உள்ளனர்.

நான்காவது, மிக முதன்மையானது. உங்கள் வீட்டில் ஒருவர் அடிக்கடி துணி எடுத்துக் குவிக்கிறார் என்றால் அவரை ஏசாதீர்கள். அவர் எதை இழந்தார் என்று கேளுங்கள். கொடிக்கால் அம்மையாருக்கு நான் அறம் உரைக்கவில்லை. மாலைவேளையில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் மகள் இப்போது நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். கடந்த பொங்கலுக்கு விலைச்சீட்டு நீக்காத சேலைகளுள் பதினொன்றை, முன்பு தம்மோடு வெற்றிலை கிள்ளிய பெண்களை வீட்டுக்கு அழைத்து, 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லித் தம் கையால் விரித்துக் காட்டிக் கொடுத்தார். இன்றும் அவர் கரூர் செல்வதுண்டு. சில வாரங்களில் சேலையோடு வருகிறார், சில வாரங்களில் வெறுங்கையோடு வருகிறார். மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவும் அவரே துணிந்தது.

சிலர்க்கு இப்பழக்கம் நோயாகவே முற்றுவதுண்டு. கடன் பெருகியும், மறைத்து வைத்தும், நிறுத்த முடியாமல் தவிப்போர்க்கு அறவுரை மட்டும் போதாது. மனநல மருத்துவரின் துணை வேண்டும். நடுவணரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். உடல் நோய்க்கு மருந்துண்பது போன்றதே இது, இதில் இழுக்கில்லை.

அன்புடையீர், தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. விளம்பரங்கள் வீட்டுக்குள் வரத் தொடங்கிவிட்டன. இவ்வாண்டு 'துணி எடுத்தாயிற்றா?' என்று ஒருவர் உங்களைக் கேட்கும்போது, எத்தனை எடுப்பது என்று முன்பே துணிந்தவர்களாக நீங்கள் விடை கூற வேண்டும் என்பதே என் விருப்பம்.

அளவறிந்து வாழ்வோம். அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக! ஜெய் ஜினேந்திரா.